படியில் உட்கார்ந்திருப்பவன்

மதிய வெயில் சன்னல் திரையில் மஞ்சளாகத் தேங்கி நிற்கிறது. வாசல் கேமராவின் படத்தைப் பதிவுசெய்யும் பழைய கம்ப்யூட்டர் மாடிப்படிக்குக் கீழே சன்னமாக இரைகிறது. அக்கா தானே உட்கார்ந்து அமைத்தது. கேட்டைத் திறந்து உள்ளே வருகிற உருவத்தைச் சுற்றிக் கம்ப்யூட்டர் திரையில் ஒரு பச்சைக் கட்டம் விழுகிறது. 'மனிதர்' என்கிறது கட்டம். யார் என்று அதற்குத் தெரியாது. காலையில் ஒற்றைப் பையோடு புருஷன் வீட்டிலிருந்து ஓடிவந்த தங்கைக்குத் தெரிகிறது. "அவர்தான்க்கா. செருப்பைக் கழட்டி ஓரமா வைக்கிறாரு பாரு. கோபம் தலைக்கேறினா இப்படித்தான் நிதானமா இருப்பாரு." அவன் மணியை அடிக்கவில்லை. கதவுக்கு முதுகைக் காட்டிப் படியில் உட்கார்கிறான். அக்கா போலீசிடம் பேசிவிட்டுப் போனைக் கீழே வைக்கிறாள். "வர்றாங்களாம். பின்கதவு பூட்டித்தான் இருக்கு. நீ சத்தம் போடாம இரு." தங்கையின் கையைப் பிடிக்கிறாள். அவன் அசையவே இல்லை. அசையாத எதையும் கம்ப்யூட்டர் வெகுநேரம் பொருட்படுத்துவதில்லை. பச்சைக் கட்டம் மறைகிறது. 'வாசலில் யாரும் இல்லை' என்று எழுத்து வருகிறது. தங்கை அதை வாசித்துவிட்டு, ஓசைப்படாமல் நடந்து போய், வாசல் கதவின் தாழ்ப்பாளை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மெதுவாகத் தொண்டையைச் செருமுகிறான்.