பாக்கியம் இருக்கும் வீடு

துணைக்கு ஒரு பேயில்லாத வீட்டை இப்போதெல்லாம் யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஊரெல்லாம் பேய் வீடு விற்றுக் கொடுத்த தரகர் அழகிரிக்கு, தூங்க மட்டுமே போகிற தன் வீட்டைத் தள்ளிவிடத்தான் வழி தெரியவில்லை. மனைவி பாக்கியம் போனபின் அங்கே ஒரு திரைச்சீலைகூட அசைந்ததில்லை. பேயில்லை என்று சொல்லியே அடிமாட்டு விலைக்குத் தருவதாக ஒரு இளம் தம்பதியை அழைத்து வந்தார்.

அவர்கள் கூடத்தில் உட்கார்ந்ததுதான் தாமதம், சமையலறையிலிருந்து காபி மணந்தது. சாயங்கால வெயிலில் இரண்டு டம்ளர்கள் மெல்ல மிதந்து வந்து அவர்கள் கைகளில் இறங்கின.

“அய்யோ, நுரைகூட அடங்கல பாருங்க!” என்று சிலிர்த்தாள் அந்தப் பெண்.

“மன்னிச்சிடுங்கம்மா, வீட்டை விக்கல” என்ற அழகிரி, சமையலறைப் பக்கம் திரும்பினார். “பாக்கியம், இத்தனை நாளும் இங்கதான் இருந்தியா?”

“நான் எங்க போனேன்? நீங்கதான் வீடு தங்கினதே இல்ல” என்றது காற்று. “பேசாம வித்துடுங்க. இவங்களாவது சாயங்காலம் வீட்டுல இருப்பாங்க.”