ஆரல்வாய்மொழி தாண்டாத பயணம்

கார்க் கண்ணாடியை இறக்கக் கூடாது. காற்று மைக்கில் அறைகிறது என்று தாணு சொல்லியிருந்தான். ஏசியும் போடக் கூடாது. அதுவும் சத்தம்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவன் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

பானட்டின் மேல் கேமரா. இமைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

படத்தில் அண்ணனும் தம்பியும் ராமேஸ்வரம்வரை போகிறார்கள். ஆனால் காலையிலிருந்து இவர்கள் ஓட்டியதென்னவோ காற்றாலைகள் நிற்கும் இந்த ஒரே ஆரல்வாய்மொழிச் சாலையில்தான். கொஞ்ச தூரம் போவது. திரும்புவது. மறுபடி முதலிலிருந்து.

அண்ணனாக நடிக்க இருந்தவன் சீரியல் கிடைத்துப் போய்விட்டான். நீயே வந்துருண்ணே, வண்டிதானே ஓட்டணும் என்று தாணு போனில் கூப்பிட்டிருந்தான். தம்பியாகத் தாணுவே நடித்தான். இயக்கமும் அவனே.

அண்ணனுக்கு ஒரே வசனம்.

“நீ போ. அப்பாவ நான் பாத்துக்கிடுதேன்.”

நடிக்கவே வேண்டாம். வடசேரி பஸ் ஸ்டாண்டில் தாணுவிடம் அவனே சொன்னதுதான். அப்பா கைகால் விழுந்து படுத்த வருஷம். சினிமாவுக்கென்று தாணு சென்னை பஸ் ஏறினான். வழியனுப்பிய அவனுக்கும் அந்த வாரம் துபாயில் வேலை வந்திருந்தது.

அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா இன்னும் படுக்கையில்தான். இன்று ஒருநாள் சித்தி வந்து உட்கார்ந்திருக்கிறாள். சாயங்காலம் உடம்பு துடைத்துவிட அவன் போயாக வேண்டும்.

வசனம் வரவில்லை. ஒருதடவை ‘அப்பாவ’ என்பதோடு நின்றது. சரியாகச் சொன்னபோது லாரிக்காரன் ஹாரன் அடித்துக் கெடுத்தான்.

தாணு கோபப்படவில்லை. ஒவ்வொரு முறையும் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

அந்தப் பொறுமையைத்தான் தாங்க முடியவில்லை.

மறுபடி வண்டி நகர்ந்தது. நான் போகட்டுமா அண்ணே என்று தாணு தன் வசனத்தைச் சொன்னான். அன்றைக்கும் இப்படித்தான் கேட்டான். கண் மட்டும் பஸ்ஸின் மேல் இருந்தது.

அவன் சாலையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

“எனக்கும் துபாய்ல வேலை வந்திருக்குன்னு அன்னைக்குச் சொல்லியிருந்தா, நீ போயிருப்பியா தாணு?”

தாணு திரும்பினான்.



கட் சொல்வான் என்று அவன் காத்திருந்தான். வரவில்லை. காற்றாலை ஒன்றின் இறக்கை நிழல் இருவர் மேலும் விழுந்து நகர்ந்தது.

கடைசியில் தாணு மடியைப் பார்த்தபடி பேசினான்.

“இது நல்லாருக்குண்ணே. இதையே வச்சுக்கிடலாம். இன்னொருக்க சொல்லு.”

அவன் இண்டிகேட்டரைப் போட்டான். எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு வண்டியைத் திருப்பினான்.

தாணு காட்சி எண்ணைச் சொல்ல ஆரம்பித்தான்.

எண்ணைப் பாதியில் விட்டுவிட்டு அண்ணனைத் திரும்பிப் பார்த்தான்.