நாற்பத்திரண்டு பத்துகள்

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், ஆய்வேட்டின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

அதுவரை எல்லாம் தடங்கலில்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது.

அவள் பதினோரு வருடம் வார்டில் நின்ற நர்ஸ். ஆறு வருடமாக முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். இன்று வாய்மொழித் தேர்வு. முன்வரிசையில் துறைத் தலைவரும் கைடும். பின்னால் வார்டுத் தோழிகள், கணவன், மகள், அக்கா.

ஆய்வு வலியைப் பற்றியது. நாள்பட்ட வலியோடு இருக்கும் முப்பது பேருக்கு ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்து, பதினான்கு நாள், காலை, மதியம், மாலை மூன்று வேளையும் வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் போடச் சொல்லியிருந்தாள். தினமும் ஒருமுறை போனில் கூப்பிட்டு, அறிவுரை எதுவும் சொல்லாமல், அவர்கள் சொல்வதை நம்பிக் கேட்டாள்.

எண்கள் இறங்கின. நம்பிக் கேட்டாலே வலி குறைகிறது என்பதுதான் அவளுடைய முடிவு.

மூன்றாம் அத்தியாயம் அவளுக்குச் செல்லப் பிள்ளை. எது அறிவு, யார் சொன்னால் அது உண்மை என்று நாற்பது பக்கம். மருத்துவ ஆய்வில் தத்துவத்துக்கு என்ன வேலை, இரண்டு பக்கத்தில் முடி என்றார் கைடு. அவள் ஒற்றைக் காலில் நின்றாள்.

ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் வெளியே நின்று எட்டிப் பார்ப்பவை. உள்ளே இருப்பவர் வலிப்பவர் ஒருவர்தான். அவர் சொல்லுக்கு மேல் சாட்சி கிடையாது. இப்படியெல்லாம் எழுதி, தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்ற பழமொழியையும் அத்தியாயத்தின் நெற்றியில் ஒட்டிவைத்தாள். பழமொழியை மட்டும் கைடு அடித்துவிட்டார்.

அந்த அத்தியாயத்தைத் தேர்வாளர் மனம்விட்டுப் பாராட்டினார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். அட்டவணைக்குக் கீழே, பூதக்கண்ணாடி வைத்துத் தேடவேண்டிய எழுத்தில் ஒரு வரி. முப்பதாவது பங்கேற்பாளரின் பதில்கள் நம்பகமற்றவை என்பதால் நீக்கப்பட்டன.

ஏன் என்று கேட்டார்.

ஆள் ஒன்று குறைந்ததால் கடைசியில் சேர்க்கப்பட்டவர் அவர், எல்லா வேளையும் பத்து என்றே போட்டிருந்தார், மொத்தம் நாற்பத்திரண்டு பத்துகள், ஸ்கேனிலோ ஒன்றுமே இல்லை என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் ஸ்கேன் என்ற சொல் அவள் காதிலேயே விழுந்தது.

மூன்றாம் அத்தியாயத்தில் ஸ்கேனை வாசலோடு நிறுத்தியவர், இங்கே மட்டும் அதை நடுவீட்டில் ஏன் உட்காரவைத்தீர்கள் என்றார் தேர்வாளர். ஆமாம் போடும் இருபத்தொன்பது பேரைவிட, இல்லை என்று நிற்கும் ஒருவர்தான் ஒரு கொள்கைக்கு உரைகல் என்றார். அந்த ஒருவரை மட்டும் யாருமே நம்பவில்லை என்று வையுங்கள், நம்பாத இடத்தில் வலி குறையாது என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைத்திருக்காதே என்றார். அவர் குரலில் கேலி இல்லை.

“நீங்க அவங்கள நம்பித்தான் கேட்டீங்களா?”

மற்றவர்களுக்கு அரைமணி நேரம் காதைக் கொடுத்தவள், முப்பதாவது ஆளோடு இரண்டு நிமிடம் தாண்டியதில்லை. ம், சரி, வேற என்ன, வைக்கட்டுமா. பாதி நாள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் ஆய்வேட்டைத் திருத்தி எழுத இன்னும் ஒரு வருடம் ஆகும். கல்லூரியில் ஆசிரியர் வேலைக்குப் பட்டத்தைக் காட்ட இந்த மாதம்தான் கெடு.

நம்பித்தான் கேட்டேன் என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. வலியைச் சொல்லியே நாலு பேரைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொள்ளும் சுபாவம் சிலருக்கு உண்டு, வார்டில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், முப்பதாவது பங்கேற்பாளர் அந்த ரகம் என்று முழுசாகச் சொன்னாள். மைக் வேறு அன்றைக்குப் பார்த்து நன்றாக வேலை செய்தது.

தேர்வாளர் பென்சிலை எடுத்துக்கொண்டு ஆய்வேட்டை மூடினார். பங்கேற்பாளர் யார் என்று கேட்பது முறையல்ல என்பதால் மேலே தோண்டவில்லை. ஆய்வின் குறைபாடுகள் என்ற பகுதியில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லிவிட்டு, பட்டத்துக்குப் பரிந்துரைத்தார்.

கைதட்டினார்கள். கைடு முதுகில் தட்டினார். வார்டுத் தோழி ஒருத்தி டாக்டரம்மா என்று கூப்பிட்டுக் கட்டிக்கொண்டாள். மகள் செல்போனில் படமெடுத்தாள். ஒவ்வொரு படத்துக்கும் அவள் சிரித்தாள். பின்வரிசைப் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு, பின்வரிசையிலிருந்து அக்கா எழுந்தாள். ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, மறுகையால் நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து, மேடைவரை நடந்து வந்தாள்.

தங்கை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா நாலு பேர் முன்னால் கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள்.

அக்கா அவள் கையைப் பிடித்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

“எல்லா வேளையும் பத்து போட்டா உனக்குச் சிக்கலாகும்னு எனக்குத் தெரியாதுடி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஏழு, எட்டுன்னு குறைச்சுப் போட்டிருப்பேனே.”