வாசலில் நிற்க வேண்டியவர்

செபிலேயைப் பெண் கேட்டு வரும் தொபேகா வீட்டார், விடிகாலையிலேயே வழக்கப்படி வாசலில் நின்று பெண் வீட்டின் குலப்பெயரைச் சொல்லிக் கூவியிருக்க வேண்டும். டர்பனில் உச்சி வெயிலே ஏறிவிட்டது. விருந்துக்கு அடித்த ஆடும் வெந்து ஆறிப்போனது.

"நம்மள மதிக்கவே இல்ல!" என்று பொருமினார் தாய்மாமன் வெலாபி.

மனசு மாறிவிட்டார்களோ என்று பயந்த அம்மா, செபிலேயிடம் போனை நீட்டினாள். "போன் போட்டுக் கேளுடி."

பேசி முடித்த செபிலே சிரித்துவிட்டாள். "அவங்களும் ஆடு அடிச்சிட்டு நமக்காகத்தான் காத்திருக்காங்கம்மா. 'எங்களுதும் பொண்ணு வீடுதானே, நாங்க எப்படி வர்றது'ங்கிறாரு தொபேகாவோட அப்பா."

வெலாபி தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு பொண்ணுங்க கட்டிக்கலாம்னு சட்டம் போட்டவங்க, யாரு யார் வாசல்ல நிக்கணும்னு சொல்லாம விட்டுட்டாங்களே!"

பிறகு அவரே எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"அவங்க குலப்பேரு என்ன பாப்பா? போய்க் கூவணுமே."