முள் நிற்கும் வரை

நுஹா மிஸ் முதல் கோப்பையைக் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை.

இரண்டாவதிலும் ஒன்றுமில்லை.

"யா அல்லாஹ், என்ட கோப்பைய ஒரு பூனையும் எட்டிப் பார்க்கல்லையே!" என்றாள் சாதிக்காய் பொறுக்குகிற ஸுலைஹா.

எல்லோரும் சிரித்தார்கள். இராமையா மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண் தராசுக்குப் பக்கத்தில் கிடந்த கதிரையிலேயே இருந்தது.

அந்தக் கதிரைதான் பரிசு.

கெலிஓயாவில் அந்த ஸ்டோருக்கு வரும் மிளகும் கராம்பும் சாதிக்காயும் தராசில் ஏறித்தான் உள்ளே போகும். லொறியிலிருந்து மூட்டையை முதுகில் சுமந்து வந்து தராசில் வைக்க வேண்டும். நிறுத்து முடிந்ததும் மறுபடி தூக்கிக்கொண்டு மேல்மாடிக்கு ஏற வேண்டும். சுமக்கிறவர்களில் மூத்தவர் இராமையா. குனிந்த இடுப்பு நிமிர மறுக்கத் தொடங்கிக் கன நாளாகிவிட்டது. மூட்டை தூக்க முடியாதவருக்கு அங்கே வேறு வேலை கிடையாது, உட்கார்ந்து நிறுக்கிற அந்தக் கதிரையைத் தவிர.

நுஹா, ஹாஷிம் முதலாளியின் மகள். கொழும்பில் நிர்வாகம் படித்துவிட்டு வந்து ஸ்டோரைப் பொறுப்பெடுத்திருந்தாள். நல்ல வேலையாளை ஒப்பீசில் இருந்துகொண்டு கண்டுபிடிக்க முடியாது, கூட வேலை செய்கிறவர்களுக்குத்தான் தெரியும் என்பது அவள் எண்ணம். நேற்று வேலை விடும்போது ஆளுக்கொரு சாதிக்காயைக் கையில் கொடுத்தாள்.

"உங்களுக்கு ஆகக் கூட உதவியா இருந்தது யாரோ, அவங்கட கோப்பையில போடுங்க. யாருக்குக் கூட விழுகுதோ, கதிரை அவங்களுக்கு."

எழுதத் தெரியாதவர்களும் இருந்தார்கள். ஆனால் தேத்தண்ணிப் பலகையில் எது யாருடைய கோப்பை என்று அவர்களில் தெரியாதவர் ஒருவரும் இல்லை.

பலகையை மறைத்துக் கட்டிய திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போனார்கள். வெளியே வந்தபோது எல்லா முகத்திலும் பூட்டுப் போட்டிருந்தது.

மூன்றாவது கோப்பை, நான்காவது கோப்பை, அப்படியே ஒரு வரிசை முழுக்க. எல்லாம் வெறுமை.

"குடுத்த காயெல்லாம் எங்க போச்சு? கறிக்குப் போட்டுட்டீங்களா?" என்றாள் நுஹா.

அடுத்தது இராமையாவின் கோப்பை. கவிழ்த்ததும் ஒரே ஒரு காய் உருண்டு வந்து மேசை விளிம்பில் நின்றது.

கடைசியாக, மூலையில் கிடந்த நீலக் கோப்பை. விளிம்பு உடைந்தது. தூக்கும்போதே கனத்தது. கவிழ்த்தாள், காய்கள் கொட்டி மேசையை விட்டுத் தரையெல்லாம் ஓடின. ஸுலைஹா அவற்றின் பின்னால் ஓடினாள்.

"இது யார்ட கோப்பை?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தான் மட்டும்தான் அப்படிப் போட்டோம் என்று அதுவரை ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள் போலிருக்கிறது.

"ரத்தினம்மா அக்காவோடது, மிஸ்" என்றார் இராமையா கடைசியில்.

நுஹாவின் கை அப்படியே நின்றது.

போன மாதம் வரை அந்தக் கதிரையில் இருந்து நிறுத்தவள் ரத்தினம்மா. புசல்லாவையிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவளை வீட்டுக்கு அனுப்பியது நுஹாதான். நல்ல மனுஷிதான், ஆனால் மந்தம். மூட்டையை வைத்த பிறகும் "முள் நிக்கட்டும், முள் நிக்கட்டும்" என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். வெளியே லொறிகள் ரோட்டு வரை நிற்கும். அவள் போன பிறகு நுஹாவின் தம்பி நபீல் இப்போதைக்கு நிறுக்கிறான். முள் ஆடிக்கொண்டிருக்கும்போதே நிறையைச் சொல்லிவிடுவான். லொறிகளும் மளமளவென்று போகின்றன.

"வேலையில இல்லாத ஆளுக்கு ஏன் போட்டீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. சொன்னால் அக்காவைக் காட்டிக் கொடுத்தது போலாகும்.

நுஹா நீலக் கோப்பையை ஓரமாக வைத்தாள்.

"வேலையில இல்லாத ஆளுக்குக் குடுக்க ஏலாது. மத்த ஆக்கள்ல காய் விழுந்தது இராமையா அண்ணனுக்கு மட்டும்தான். கதிரை அவருக்கு."

யுகேஷ் அவர் முதுகில் தட்டினான். இராமையாவோடு சேர்ந்து மூட்டை சுமக்கிறவன் அவன்.

"பாத்தீங்களா, ஒங்க மேல பாசம் வச்ச ஒரே ஒரு சீவன்! யாரு அண்ணே அது?"

இராமையா அந்தக் காயைப் போட்ட தன் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டார். வாசம் போகவில்லை.

கதிரையில் உட்கார்ந்தார். இடுப்புக்குச் சுகமாகத்தான் இருந்தது. மற்றவர்கள் பக்கம் திரும்பத்தான் முடியவில்லை.

லொறி வந்தது. முதல் மூட்டையை யுகேஷ் கொண்டுவந்து தராசில் போட்டான். முள் துள்ளி எழுந்து ஆடியது. யுகேஷ் ஒரு கையைச் சுவரில் ஊன்றி நின்றான். நெஞ்சு ஏறி இறங்கியது. நாடியிலிருந்து வேர்வை தரையில் சொட்டியது.

இராமையா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் நின்ற நுஹா கேட்டாள்: "எவ்வளவு, இராமையா அண்ணன்?"

"இருங்க மிஸ். முள் நிக்கட்டும்."

யுகேஷ் திடுக்கிட்டு அவரைப் பார்த்தான். பிறகு கண்ணை மூடி, சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

நுஹா கிட்ட வந்து தராசை எட்டிப் பார்த்தாள்.

முள் எப்போதோ நின்றிருந்தது.