வால் பக்கத்துச் சகலை

ராக்கெட்டின் அடிப்பாகத்தைச் சுமந்துகொண்டு ஊருக்குள் ஆமை வேகத்தில் ஊர்ந்தது அந்த நீளமான டிரெய்லர். முன்னால் ஓட்டுவது சகலை. கடைசியில், பின் சக்கரங்களைத் திருப்புவதற்கென்று இருந்த சின்னக் கூண்டுக்குள் இவர்.

குறுக்கே போன மின்கம்பியைத் தூக்கிப் பிடிப்பதற்காக வண்டி நின்றபோது மனைவி போன் செய்தாள்.

"டிவியில காட்டுறாங்க. தங்கச்சி வீட்டுக்காரர் ஜம்முனு உக்காந்திருக்கார். நீங்க எங்கே?"

"பின்னாடி."

"பின்னாடி வர்ற ஜீப்லயா?"

போனை வைத்தார். வயிறு எரிந்தது. சகலைக்கு லாரி ஓட்டச் சொல்லிக் கொடுத்ததே இவர்தான். இன்றைக்கு ராஜா மாதிரி முன்னால் போவது அவர். வாலைப் பிடித்துக்கொண்டு போவது இவர்.

மருந்துக்கடை முக்கில் ரொம்பக் குறுகலான திருப்பம். முன்பக்கம் சுலபமாகத் திரும்பிவிட்டது. பின்பக்கம் கடைச் சுவரை உரசப் பார்த்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சக்கரங்களை எதிர்ப்பக்கம் ஒடித்தார். விரல் நுழையும் இடைவெளியில் வண்டி தப்பியது.

மாடிகளில் நின்ற ஜனங்கள் கைதட்டினார்கள். முன்னால் பார்த்து.

அதற்குமேல் இவருக்குத் தாங்கவில்லை. சாப்பாட்டுக்கு வண்டியை நிறுத்தியதும், பயணத்துக்குப் பொறுப்பான இன்ஜினியர் அம்மாவிடம் நேராகப் போனார்.

"மேடம், சொந்தக்காரரைப் பத்திச் சொல்லக் கூடாதுதான். ஆனா மனசு கேக்கல."

"சொல்லுங்க."

"என் சகலை முன்னே ஒரு கம்பெனியில பாய்லர் கொண்டு போறப்ப, வண்டியைச் சுவத்துல இடிச்சவர். அதை வெளிய தெரியாம அமுக்கிட்டாங்க. அவரை நம்பி இவ்வளவு பெரிய பொருளை..."

அந்த அம்மா முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியும். அவரே சொல்லிட்டார்."

"தெரிஞ்சுமா முன்னாடி உக்கார வெச்சீங்க?"

"அன்னிக்கு அவர் இருந்தது பின்பக்கக் கூண்டுல. அதனாலதான், 'பின்னாடி என் சகலை உக்காந்தாதான் நான் வண்டியை எடுப்பேன்'னு ஒத்தைக்கால்ல நின்னு உங்களை இந்த வேலைக்குக் கூப்பிட வெச்சார்."

இவர் வண்டியின் முன்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"சீக்கிரம் போங்க. நீங்க வந்தாதான் சாப்பிடுவேன்னு அங்க பசியோட உக்காந்திருக்கார்."