கடைசி வண்டி

மூன்று நாள் கார் பந்தயத்தின் இரண்டாம் மாலை. வந்து சேர்ந்தவர்கள் கொடுத்த நேர அட்டைகளைப் பந்தயத்தை நடத்தும் நல்லசிவம் திரும்பத் திரும்பப் பார்த்தார். வழியில் ஒன்பது இடங்களில்தான், இடத்துக்கு ஒருவராக, அட்டையில் முத்திரை குத்த ஆள் உட்கார வைத்திருந்தார். எல்லா அட்டையிலும் பத்து முத்திரைகள் இருந்தன. வெயில் கொளுத்திய நாளில் ஒவ்வொரு அட்டையிலும் ஒரு முத்திரை மட்டும் ஈரம் காயாமல் இருந்தது.

"கல்பாலத்துக்கிட்ட மடக்கு நாற்காலி போட்டு ஒருத்தர் உக்காந்திருந்தாரே சார்," என்றாள் கார் ஓட்டிய ரெஜினா. "ஆளுங்கள ஏத்திட்டுப் போற கடைசி வண்டி எப்ப வரும்னு கேட்டாரு."

போன வருடம் அந்தக் கடைசி வண்டியை ஓட்டியவர் நல்லசிவம். காட்டாறு பெருகிய அன்று, கல்பாலத்தில் முத்திரை குத்த உட்கார்ந்திருந்த ஆளை வேறு யாராவது ஏற்றியிருப்பார்கள் என்று பாதி வழியிலேயே திரும்பிவிட்டார். அந்த மனிதரை அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை. இந்த வருடம் கல்பாலத்தில் அவர் யாரையும் உட்கார வைக்கவில்லை.

மேசைமேல் ஒன்பது சாப்பாட்டுப் பொட்டலங்கள் இருந்தன. வாக்கிடாக்கி கரகரத்தது. இந்த வருடத்துக் கடைசி வண்டிக்காரன் பேசினான்.

"பத்து பேரையும் ஏத்திட்டேன் சார், வந்துட்டே இருக்கோம். ஒருத்தருக்கு மட்டும் ரொம்பப் பசியாம். சாப்பாடு இருக்கான்னு உங்ககிட்டயே கேக்கச் சொல்றாரு."